காட்டுக்கத்திக்கு எந்த உருக்கு?

முல்லைத்தீவு மாவட்டம் முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவின் இரண்டு ஏக்கர் காணி பல வருடங்களாகப் பற்றை ஏறிக் கிடக்கிறது. அதைத் துப்புரவாக்க 16 அங்குல அலகுள்ள காட்டுக்கத்தி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய விரும்புகிறார். வீட்டில் ஒரு லொறி ஸ்பிரிங் பிளேட், கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பி, மரக்காலையில் வாங்கிய வட்டவாளின் உடைந்த துண்டு ஆகியவை இருக்கின்றன. இணையத்தில் சிலர் 1095 என்ற உருக்கு வகையைச் சொல்கிறார்கள், சிலர் டி2 என்ற வகையைச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

தம்பி, கம்பியை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். மற்ற இரண்டும் நல்ல உருக்கு. ஆனால் அந்த லொறி பிளேட்டைக் கொடுத்துவிட்டு, வான் அல்லது பிக்கப் வாகனத்தின் பிளேட் ஒன்றை மாற்றி வாங்குங்கள். முதல் கத்தியை நெருப்பில் வைக்காமலே அரைத்தும் அராவியும் செய்து முடியுங்கள். இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். நான் சிறுவயதில் கம்மாலையில் துருத்தி ஊதிப் பழகி, பிறகு கராஜில் வாகனங்களுக்கு அடியில் படுத்துக் காலம் கழித்தவன். இந்த இரும்புகளை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

இரும்பு உருக்காவது அதிலுள்ள கரியால் (காபனால்)தான். கட்டடக் கம்பியில் கரி நூற்றுக்கு 0.3 பங்குக்குக் கீழேதான் இருக்கும். வளைக்கும்போது முறியக்கூடாது, வீடு ஆடினால் இழுபட்டுத் தாங்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதை எவ்வளவு சிவக்கக் காய்ச்சி, சட்டென்று ஆறும்படி தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. தட்டையாக அடித்துக் கூராக்கினால் பார்ப்பதற்குக் கத்தியாகத்தான் இருக்கும். நாலு விடத்தல் கொப்பு வெட்டியதும் வாய் மடிந்துவிடும். தண்ணீரில் தோய்ச்சால் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இல்லாத கரியைத் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்காது.

கரி கூடக்கூடக் கடினம் கூடும், கூடவே நொறுங்கும் குணமும் கூடும். சவரக்கத்திக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் கரி இருந்தாலும் நல்லது, ஏனென்றால் அது எதிலும் மோதுவதில்லை. காட்டுக்கத்தியோ முழுக் கைவீச்சோடு போய் காய்ந்த பாலைக் கட்டையில் விழுகிறது, சில வேளை மறைந்திருந்த கல்லிலும் விழுகிறது. அந்த அடியை விழுங்கிக்கொள்ளும் உருக்குத்தான் இதற்கு வேண்டும். 0.5 இலிருந்து 0.8 விழுக்காடு வரை கரி உள்ளவை இதற்கு உரியவை. வாகனத்தின் வில்லுத்தகடு, அதாவது கராஜில் ஸ்பிரிங் பிளேட் என்று சொல்வது, சரியாக இந்த எல்லைக்குள் வருகிறது. 5160 என்று அமெரிக்கர் எண்ணிடுவதில் கரி 0.6 அளவில் இருக்கிறது, குரோமியம் 0.8 அளவில் சேர்ந்திருக்கிறது. ஜப்பானியரின் எஸ்யூபி 9 ஏறக்குறைய அதன் உடன்பிறப்பு. பிரித்தானியத் தரத்தில் ஈஎன் 45 என்பது சிலிக்கன் கூடியது. வன்னி வீதிகளில் ஓடும் ஜப்பான், இந்திய வாகனங்களின் வில்லுகள் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை, இரண்டும் எண்ணெயில் தோயும், இரண்டும் நல்ல வெட்டுக்கத்தியாகும்.

ஆனால் பழைய வில்லில் ஒரு கேடு ஒளிந்திருக்கலாம். இதைக் கவனமாக வாசியுங்கள். இலட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த தகடு அது. நடுவில் போல்ட் போகும் துளையைச் சுற்றியும், மேல் தகடு கீழ்த் தகட்டின் நுனியில் உராய்ந்த இடத்திலும், துரு தின்ற குழிகளிலும் மயிரிழை வெடிப்புகள் பிறக்கும். எனக்கு ஒருமுறை நடந்தது இது. வேலை முடிந்து பிடியும் போட்ட கத்தியால் பாலை விறகில் மூன்றாவது வெட்டை வெட்டியபோது அலகின் முன்பாதி பறந்துபோய் வேலிக் கதியாலில் குத்தி நின்றது. அந்தப் பக்கம் யாரும் நிற்காதது கடவுள் செயல். முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பாதி புதிதாக, மணல்போல மினுங்கும் சாம்பல் நிறம். மற்றப் பாதி பழுப்புத் துரு. துரு பிடித்த பாதி வாகனத்தில் இருந்த நாளிலேயே வெடித்துவிட்டது, நான்தான் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. தகட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெறும் இரும்பு தெரியச் செய்யுங்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் எடுத்துத் துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, வெண்கட்டியைத் தூளாக்கி மெல்லிசாகப் பூசுங்கள். அரை மணித்தியாலம் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைப் பூச்சில் பென்சிலால் கீறியது போல ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்த துண்டை வெட்டி எறியுங்கள். நடுத்துளைக்கு இரு பக்கமும் மூன்று அங்குலம் வரையான பகுதியைச் சோதனை இல்லாமலே தள்ளிவிடுவது என் வழக்கம். இயன்றால் கண் வளைந்த மேல் தகட்டை விட்டு, இரண்டாம் மூன்றாம் தகட்டை எடுங்கள். கராஜில் புதிதாக மாற்றிக் கழித்துப் போட்ட தகடு என்றால், ஏன் கழித்தார்கள் என்று கேளுங்கள். தொகுதியில் ஒரு தகடு முறிந்ததால் கழித்திருந்தால் மற்றவையும் அதே பாடு பட்டவைதான்.

அடுத்தது தடிப்பு. உங்கள் லொறி பிளேட் 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். உருக்கு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம். 16 அங்குலம் என்பது 40 சென்ரிமீற்றர், அகலம் 5 என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் தகட்டில் அலகு மட்டும் 1,570 கிராம் வரும். அதை வீசிப் பற்றை வெட்ட ஒருவராலும் முடியாது. அரைத்து மெலிதாக்கலாம் என்றால், ஒரு கிலோ உருக்கைத் தூளாக்க எத்தனை கிறைண்டர் தட்டுக் காசும் மின்சாரமும் போகும் என்று எண்ணிப் பாருங்கள். வான், பிக்கப், பட்டா போன்ற சிறிய வாகனங்களில் 6, 7 மில்லிமீற்றர் தகடு கிடைக்கும். 7 மில்லிமீற்றர் தகட்டை முதுகிலிருந்து வாய் வரை ஆப்பு வடிவில் சரித்து அரைத்தால் பாரம் ஏறத்தாழப் பாதியாகிறது. 1,100 கிராமில் தொடங்கி 600 கிராம் அளவில் முடியும். வெட்டுக்கும் கைக்கும் ஒத்த பாரம் அது. முனைப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கினால் மாலை வரை வெட்டினாலும் மணிக்கட்டு வலிக்காது.

மரக்காலை வாள் துண்டு சரிவருமா என்று நீங்கள் பயப்படலாம். பயம் வேண்டாம். பழைய முழுத்தகட்டு வட்டவாள்கள் கரி 0.75 அளவுள்ள உருக்கு, சிலவற்றில் நிக்கல் அல்லது குரோமியமும் உண்டு. 3 மில்லிமீற்றர் தடிப்பில் வருவதால், புல்லும் கொடியும் சூரை முள்ளும் சீவுவதற்கு வில்லை விடவும் கைக்கு இதமானது. மொத்தக் கட்டை வெட்டும்போதுதான் பாரம் போதாமல் போகும். உங்கள் காணியில் பெருவிரல் பருமனுக்குக் கீழ்ப்பட்ட பற்றைதான் கூட என்றால், என் முதல் தெரிவு அந்த வாள் துண்டு. கைத்தடிப்புக்கு மேல் வளர்ந்த உடைமரமும் விடத்தலும் நிற்கிறது என்றால் வில்லுத்தகடு. பல் நுனியில் வேறு நிறத்தில் கடின உலோகத் துண்டு ஒட்டிய புதுவகைத் தட்டுகளின் உடல் எல்லாம் ஒரே தரமாக இருக்காது, அவற்றைச் சோதித்த பின் எடுங்கள்.

சோதனை என்றால் இப்படி. கிறைண்டரில் தொட்டுப் பொறியைப் பாருங்கள், மாலை இருட்டில் பார்ப்பது நல்லது. பக்கத்தில் உங்கள் கட்டடக் கம்பியையும் ஓர் பழைய அரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் பொறி நீளமாக, நேர் கோடாக ஓடி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளைக்கும். அரத்தின் பொறி கல்லை விட்டு வந்த உடனேயே பூவாணம் போல நெருக்கமாக வெடித்துச் சொரியும். வில்லுத்தகடு இரண்டுக்கும் நடுவே நிற்கும். கண் பழகிவிட்டால் இரும்புக்கடையில் நின்றபடியே தரம் பிரித்துவிடலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் விரலளவு துண்டொன்றை வெட்டி, நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். ஆறிய பின் அரத்தால் அராவினால், அரம் கண்ணாடியில் போவது போல வழுக்க வேண்டும். பிறகு பாதியைக் குறட்டு மேசையில் இறுக்கி, சாக்குத் துணியால் சுற்றி, கண்ணாடியும் அணிந்துகொண்டு சுத்தியலால் அடியுங்கள். வளைந்தால் அது கத்திக்கு ஆகாது. சட்டென்று முறிந்தால் முறிவைப் பாருங்கள். உடைந்த பீங்கான் போல நுண்மையாக இருந்தால் சூடு சரி. சீனி போலப் பருமணியாக இருந்தால் உருக்கு நல்லதுதான், நீங்கள் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டீர்கள்.

நம் மண்ணில் இருந்துகொண்டு பழைய இரும்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பற்றைக்குள்ளும் வயலோரத்திலும் குளக்கட்டிலும் கிடக்கும் போர்க்கால இரும்பை எடுக்கவே எடுக்காதீர்கள். எவ்வளவு தடித்த, எவ்வளவு நல்ல உருக்காகத் தெரிந்தாலும் சரி. வெறும் கோது என்று நினைத்துத் தட்டியவர்களும், பழைய இரும்புக்காகப் பொறுக்கியவர்களும் கையையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் பற்றை ஏறிய காணி என்றீர்கள். கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கத்தியோடு உள்ளே இறங்குங்கள். எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து பொலிசுக்கு அறிவியுங்கள். அதே போல வாகனத்தின் ஷொக் அப்சோர்பர் போன்ற மூடிய குழாய்களையும் நெருப்பில் போடாதீர்கள், உள்ளிருக்கும் வாயுவும் எண்ணெயும் வெடிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பைக் காய்ச்சினால் வரும் வெண்புகை காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தரும்.

தண்டவாளத்தைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்ற பிறகு, இங்கே தண்டவாளங்கள் பதுங்குகுழிக் கூரைகளுக்குப் போயின. பொருளாதாரத் தடை இருந்த அந்த வருடங்களில் கைக்கு எட்டிய இரும்பையெல்லாம் நம் கொல்லர்கள் கத்தியாகவும் மண்வெட்டியாகவும் ஆக்கினார்கள். அவர்களுடைய கைத்திறன் இன்னும் எங்கும் எழுதப்படாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை. தண்டவாள உருக்கில் கரி 0.6 இலிருந்து 0.8 வரை இருப்பதால் அது கத்திக்கு ஏற்றதுதான். ஆனால் அதை அடித்துத் தகடாக்கச் சம்மட்டிக்காரர் இருவர் வேண்டும். அதோடு, 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்துவிட்டது. பாதையோரத்து இரும்பு அரசாங்கச் சொத்து. முறையாக விலைக்கு வந்த துண்டு கிடைத்தால் அடைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அதை மிஞ்சியது இல்லை.

இணையத்துப் பெயர்களுக்கு வருகிறேன். 1095 இல் கரி 0.95 அளவில் இருக்கிறது. சிறு கத்திக்கு அருமையானது. பெரிய வெட்டுக்கத்தியில், தோய்ச்சலில் சிறு பிழை விட்டாலும் வாய் உதிரும். டி2 வேறு உலகம். குரோமியம் 12 விழுக்காடு, தோய்க்க 1,000 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் அளந்து பிடிக்க வேண்டும். கரி உலையில் முடியாத வேலை, முடிந்தாலும் கல்லில் பட்டால் பொரிந்துபோகும். சமையலறை எவர்சில்வர் தகடு சூட்டால் கடினமாகாது. அரத்தில் செய்யலாமா என்றால், அரம் ஒன்றுக்கு மேற்பட்ட கரி உள்ளது, 16 அங்குலத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். பெயரிட்ட புதுத் தகடு வாங்க வசதி இருந்தால் 5160 அல்லது 1075 என்று கேளுங்கள். அந்த வசதி இல்லாததால் நீங்கள் இழப்பது மிகக் கொஞ்சம்.

இப்போது நெருப்பு வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? வில்லுத்தகடு தொழிற்சாலையிலேயே தோய்ச்சு, 400 பாகைக்கு மேல் சூட்டில் பதம் இறக்கப்பட்டு, அதாவது மறுபடி சூடாக்கி நொறுங்கும் குணம் குறைக்கப்பட்டு, வருகிறது. உருக்கின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 42 இலிருந்து 48 வரை நிற்கும். கத்திக்கு அது கொஞ்சம் மென்மைதான், ஆனால் காட்டு வேலைக்குப் போதும். வாய் மழுங்கினால் வயல் வரம்பில் இருந்தபடியே அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். வெடிப்பில்லாத தகடென்றால் எளிதில் முறியாது. அரைகுறையாகத் தெரிந்தவர் காய்ச்சித் தோய்த்தால் அந்தத் தொழிற்சாலைப் பதம் போய்விடும், அதைவிட நல்லது வருமா என்பது சந்தேகம். ஆகவே வாயுத் தீயால் வெட்டாமல், கிறைண்டர் வெட்டுத் தட்டால் வடிவத்தை வெட்டுங்கள். தகட்டின் வில்வளைவை ஸ்பிரிங் வேலை செய்யும் இடத்தில் கொடுத்தால் காய்ச்சாமலே அடித்து நிமிர்த்தித் தருவார்கள். அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். இந்தத் தகட்டில் நீல நிறம் கண்டால் பதற வேண்டாம். நீலம் 300 பாகையைக் காட்டுகிறது, தகடு அதற்கு மேல் சூட்டை ஏற்கனவே கண்டது. நீலம் கடந்து வெளிறிச் சாம்பலானால் அந்த இடத்தில் பதம் இளகத் தொடங்கிவிட்டது, அவ்வளவு வாயையும் அரைத்து எடுத்துவிட வேண்டும். கடைசிக் கூர்மையை ஒரு பக்கத்துக்கு 20 இலிருந்து 25 பாகை வரை சரிவில், அரத்தாலும் கல்லாலும் கையாலேயே பிடியுங்கள்.

இரண்டாவது கத்தியை உலையில் செய்ய ஆசை வரும், வர வேண்டும். சிரட்டைக் கரி போதும். அடித்து வடிவம் எடுத்த பின், காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி, காற்றிலேயே ஆறவிடுங்கள், இப்படி மூன்று தடவை. காய்ச்சி அடித்ததில் உண்டான பருமணி நுண்ணியாகும், உள்ளிறுக்கமும் தீரும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு வளைந்துவிட்டது, வெடித்துவிட்டது என்று வருகிறார்கள். தோய்க்கும்போது, காந்தம் விடுவது 770 பாகையளவில். அதற்கு மேல் இன்னும் ஒரு நிழல் கூடச் சிவக்கவிடுங்கள், 830 அல்லது 850 ஆகும். பகல் வெளிச்சத்தில் இந்த நிறம் தெரியாது. கம்மாலை இருட்டாக இருப்பது இதற்காகத்தான். தேங்காய் எண்ணெயைக் கைபொறுக்காத சூட்டுக்கு, அதாவது 50, 60 பாகைக்குக் காய்ச்சி, ஆழமான இரும்புத் தகரத்தில் வைத்து, வாய்ப்பக்கத்தை நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் அசைக்காதீர்கள், அலகு வளையும். தீ எழும், ஆகவே ஓலைக் கொட்டிலுக்குள் செய்யாதீர்கள், பக்கத்தில் மூடியும் மணலும் இருக்கட்டும். பழைய எஞ்சின் ஒயில் வேண்டாம், அதன் புகை நஞ்சு. தண்ணீரும் வேண்டாம், இந்த உருக்கு தண்ணீரில் வெடிக்கும்.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகு கண்ணாடி போல, கீழே விழுந்தால் உடையும். அன்றைக்கே பதம் இறக்குங்கள். எனக்குத் தெரிந்த நல்ல வழி வெதுப்பகப் போறணை. பாண் இறக்கிய பின்னும் அது 200 பாகைக்கு மேல் சூட்டை மணிக்கணக்கில் வைத்திருக்கும். 230 இலிருந்து 260 பாகைக்குள் இரண்டு மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். தேய்த்து மினுக்கிய இடம் வைக்கோல் மஞ்சள் தாண்டிக் கபில நிறமானால் ராக்வெல் சி அளவில் 55ஐ ஒட்டிய கடினத்தில் நிற்கிறீர்கள். இப்படிச் செய்த அலகை அரைக்கும்போது மட்டும் நீலம் காணவே கூடாது, கண்டால் அந்த இடம் இளகிவிட்டது.

பிடிக்குப் போகும் வால் அலகோடு சேரும் மூலையைக் கூர்மூலையாக வெட்டாமல், சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் இரும்புக் குண்டின் வளைவு போல உருட்டி விடுங்கள். கத்திகள் கூடுதலாக முறிவது அங்கேதான். வாலில் துளை போட வேண்டுமானால் அலகை ஈரச்சாக்கில் சுற்றி, வாலை மட்டும் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு இளக்குங்கள். பிடிக்குப் புளி, விளா, விடத்தல் எதுவும் நன்று. முதிரையோ கருங்காலியோ வேண்டுமானால் மரம் தறிக்கப் போகாமல் தச்சுப்பட்டறையில் கழிவுத் துண்டு கேளுங்கள். முன்பக்கம் பித்தளைக் குழாயில் பூண் போடுங்கள், இல்லாவிட்டால் பிடி பிளக்கும்.

வேலை தொடங்கும் முன் காய்ந்த வேப்பங்கட்டையில் முப்பது வெட்டு வெட்டிவிட்டு வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கமாக மடிந்திருந்தால் கூர்ச்சரிவு மெலிசு, ஐந்து பாகை கூட்டித் தீட்டுங்கள். பொரிந்து பல்லாகியிருந்தால் கடினம் கூடிவிட்டது, பிடியைக் கழற்றி இன்னும் 20 பாகை கூடிய சூட்டில் மறுபடி போறணையில் வையுங்கள். இரண்டும் இல்லாமல் கோடு நேராக நின்றால் தேங்காய் எண்ணெய் தடவி, மாமாவிடம் காணிக்குப் போகும் நாளைக் கேளுங்கள்.